ஆவுடையப்பனுக்கு முன்னால் போன புள்ளி

சாரல் கொஞ்சம் முந்திக்கொண்டு விழுந்த ஓர் ஆனி மாதத்தில், தென்காசிப் பக்கம் நெடுங்கரை என்கிற ஊரில், பெருங்காயக் கம்பெனிப் பிரதிநிதி ஆவுடையப்பன் இரண்டாவது தோசையைப் பிய்த்துத் துவையலில் தொட்டுக்கொண்டிருந்தபோது, அவர் இருக்கும் இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் காட்டுகிற நீலப் புள்ளி அவரை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போனது.

முதலில் பார்த்தது அவர் மனைவி பிரமு. அடுப்படி மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கண் தோசைக்கல்லிலும் ஒரு கண் வரைபடத்திலுமாக நிற்பது அவளுக்கு வழக்கம்.

"ஏங்க, எங்க இருக்கிய?"

"கேக்குத கேள்வியப் பாரு. உன் முன்னாலதான குத்தவச்சிருக்கேன்."

"இதுல தபால் ஆபீஸ் தாண்டிட்டியளே."

ஆவுடையப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போன் பையில்தான் இருந்தது. பை சட்டையில் இருந்தது. சட்டைக்குள் அவர் இருந்தார். புள்ளி மட்டும் தபால் ஆபீஸைத் தாண்டி, வாகையடி முக்கில் நின்று, இடமும் வலமும் பார்த்ததுபோல் கொஞ்சம் தயங்கி, பேருந்து நிறுத்தத்துக்குப் போய், சுரண்டை வண்டி வந்ததும் ஏறிக்கொண்டது. பிரமு அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள். "போனவிய நல்ல சட்டை போட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், யார் வீட்டு வம்புக்கும் போக மாட்டார், கேட்டவர்க்குக் கேட்டபடி சாம்பிள் டப்பா கொடுப்பார். ஆனால் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் அவர் வாயால் உண்மையாகச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டிலில் லுங்கியோடு படுத்துக்கொண்டே "இந்தா பாலத்துகிட்ட வந்துட்டேன்" என்பார். தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டே "பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்" என்பார். யாராவது சந்தேகப்பட்டால் தெருவில் போகிற லாரியின் ஹாரனுக்கு நேராகப் போனை நீட்டிக் காட்டுவார். அதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. காத்திருக்கிறவர்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்கிறேன் என்பார், அதை அவர் நம்பவும் செய்தார்.

அந்த நாக்கு அவருக்கு ஒரு அக்காளைத் தொலைத்துக் கொடுத்தது. இலந்தைகுளத்தில் வாக்கப்பட்ட பேச்சியம்மாள், அவருக்குக் கூடப் பிறந்த ஒரே ஆள். அவளுடைய மூத்த மகள் அன்னச்செல்வி கல்யாணத்தன்று, தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தில், தாய்மாமன் நெடுங்கரையில் முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்துகொண்டு "யக்கா, மண்டபத்து வாசல்லதான் செருப்பக் கழத்துதேன்" என்று சொன்னார். பேச்சியம்மாள் ஐயரை நிறுத்தினாள், மேளத்தை நிறுத்தினாள், மாப்பிள்ளை வீட்டாரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினாள், வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்தாள். அங்கே செருப்புகள் கிடந்தன, தம்பி இல்லை. கடைசியில், ஏதோ ஒரு முறைக்கு மாமன் ஆகிற பந்தல்காரர், தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஏணியிலிருந்து இறங்கி வந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மாலையைப் போட்டார். ஆவுடையப்பன் வந்து சேர்ந்தபோது பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

அதனால்தான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் முத்தரசி ஒரு தீபாவளிக்கு வந்தபோது, அப்பாவின் போனை வாங்கி என்னவோ தட்டி, அவர் எங்கே இருக்கிறார் என்பது குடும்பத்தில் எல்லோர் போனிலும் தெரியும்படி செய்து வைத்தாள். இலந்தைகுளத்து அத்தை போனிலும் செய்தாள். "பேச மாட்டேன்னுதான் சொன்னேன், பாக்க மாட்டேன்னு சொல்லலையே" என்று பேச்சியம்மாளும் போனைக் கொடுத்திருந்தாள். பிறகு பெருங்காயக் கம்பெனியும் விழித்துக்கொண்டது. மேனேஜர் பெஞ்சமின் சார், 'எங்கள் பிரதிநிதி இப்போது எங்கே?' என்று ஒரு இணைப்பைத் தயார் செய்து அந்த வட்டாரத்து மளிகைக் கடை அத்தனைக்கும் அனுப்பி வைத்தார். அது கைக்குக் கை மாறி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இப்படியாக, கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடி அந்தச் சீமையில் அதிகம் பேர் பார்த்தது ஆவுடையப்பனின் புள்ளியைத்தான்.

புள்ளி தனியாகப் போன முதல் நாள் சாயங்காலம் பெஞ்சமின் சார் கூப்பிட்டார். ஆவுடையப்பன் வழக்கம்போல "சார், பாவூர்சத்திரம் பக்கத்துல வந்துட்டேன்" என்று தொடங்கினார்.

"தெரியுமே, பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். காலையிலிருந்து ஒரு கடை விடலை நீங்க. ஆர்டர் பாதிக்குப் பாதி கூடியிருக்கு. என்ன மந்திரம் போட்டீங்க?"

ஆவுடையப்பனுக்கே அது மறுநாள்தான் தெரிந்தது. சுரண்டைக் கடைக்காரர் ஒருவர் பிரமுவிடம் போனில் சொன்னார்: "அண்ணாச்சி நேத்து வந்திருந்தாவ மதினி. போன்ல பாத்தேன், கடை வாசல்லயே புள்ளி நிக்கி. கம்முனு பெருங்காய வாசனை. ஒரு வார்த்தை பேசல. பேசாம நிக்கிற ஆளுகிட்ட இல்லைன்னு எப்பிடிச் சொல்ல? ரெண்டு பெட்டி சேத்து எடுத்துக்கிட்டேன்."

அந்த வாசனைதான் அடையாளம். புள்ளியைத் தெருவில் யாரும் கண்ணால் பார்க்க முடியாது. போனைப் பார்த்து இன்ன இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே போனால், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்குக் காற்று சற்றுக் குளிர்ந்து, தாளித்த பெருங்காயம் மணக்கும், அவ்வளவுதான். ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. பேருந்தில் புள்ளி ஏறினால் நகர்ந்து இடம் விட்டார்கள். கண்டக்டர்கள் டிக்கெட் கேட்கவில்லை, கேட்டால் எந்தக் கையில் கொடுப்பது என்கிற சங்கடம் அவர்களுக்குத்தான். புள்ளி குறித்த நேரத்துக்கு வந்தது, குறித்த நேரத்துக்குப் போனது, கடைவாசலில் வெயில் என்று சலித்துக்கொள்ளவில்லை. ஆவுடையப்பன் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத, சாவு விழுந்த துட்டி வீடுகளுக்கு அது போய் நின்றது. "உங்க வீட்டுக்காரர் வந்து அம்புட்டு நேரம் கூடவே இருந்தாவ, மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு" என்று ஆட்கள் பிரமுவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். முப்புடாதியம்மன் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரித்தவர்கள், சப்பரத்துக்கு முன்னால் கூட்டம் விலக்குகிற பொறுப்பைப் புள்ளிக்கே கொடுத்தார்கள். அந்த வருஷம் சப்பரம் எங்கும் முட்டவில்லை.

ஆவுடையப்பனுக்கு ஆரம்பத்தில் இது பெரிய சௌகரியமாக இருந்தது. சம்பாதிக்கப் புள்ளி இருக்கிறது, சாப்பிட நாம் இருக்கிறோம் என்று ஈசிசேரில் கால் நீட்டிப் படுத்தார். பழைய பேப்பரெல்லாம் எடுத்துப் படித்தார். மத்தியானம் தூங்கினார், தூங்கி எழுந்த அலுப்புக்கு இன்னொரு தூக்கம் தூங்கினார். நாக்கு ஊறி, மைதீன் டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் முதல் இடி விழுந்தது. மைதீன் எல்லோருக்கும் டீ ஆற்றிக் கொடுத்தார். அவருக்குக் கொடுக்கவில்லை.

"மைதீன், எனக்கு ஒண்ணு."

மைதீன் போனை எடுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க வீரகேரளம்புதூர்ல இருக்கிய. நான் இங்க டீயப் போட்டு வச்சா ஆறிப் போவும்லா?"

"இந்தா உன் கண்ணுக்கு எதுக்க இருக்கேன்!"

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவிய" என்றார் மைதீன், மரியாதையாக.

பெஞ்சில் இருந்தவர்களும் மைதீன் சொல்வதில் தப்பில்லை என்றே நினைத்தார்கள். முடிவெட்டுகிற கடையில் அவருடைய முறை வந்தபோது அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். கை நீட்டினால் பேருந்து நிற்காமல் போனது. வீட்டுக்கு வந்தவர்கள் "அண்ணாச்சி இல்லையா?" என்று கேட்க, அவர் அதே அறையில் பேப்பரோடு உட்கார்ந்திருக்க, பிரமு வரைபடத்தைப் பார்த்துவிட்டு "அவிய வெளிய போயிருக்காவளே" என்றாள். வெளியே போனவருக்கு 'அவிய', வீட்டில் இருக்கிறவருக்கு 'இந்தாங்க சோறு'. காலிப் பெருங்காய டப்பாவிலாவது வாசனை மிஞ்சியிருக்கும். ஆவுடையப்பன் தம் சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். சோப்பு மட்டும்தான் மணத்தது.

போனை அணைத்துப் பார்த்தார். புள்ளி நிற்கவில்லை. சிம்மைக் கழற்றினார், அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார், புள்ளி பாட்டுக்குப் போனது. போனை வரைபடத்தோடு திறந்து செல்போன் ரிப்பேர் கடையில் கொடுத்தார். அங்கே இருந்தவன் அக்கக்காகப் பிரித்துப் பார்த்து மறுபடி மாட்டி, "செட்டுல ஒரு குறையும் இல்ல சார், சிக்னல் ஜோரா இருக்கு. ஆளுதான் கொஞ்சம் வீக்கா இருக்கிய" என்று திருப்பிக் கொடுத்தான்.

ஆடி பிறந்ததும் புள்ளி ஒரு புதுப் பாதை பிடித்தது. காலை வேலை முடிந்ததும், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், எல்லாக் கடையையும் விட்டுவிட்டு இலந்தைகுளத்துக்குப் போய், பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்றது.

அங்கே நடந்ததைப் பேச்சியம்மாளின் இளைய மகள் பவுன்செல்வி போனில் பிரமுவுக்குச் சொல்ல, பிரமு அடுப்படியில் நின்று முத்தரசிக்குச் சொல்ல, ஆவுடையப்பன் ஈசிசேரில் கண்ணை மூடியபடி கேட்டார். முதல் சில நாள் பேச்சியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பிறகு ஜன்னலைத் திறந்தாளாம். திறந்து, இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்த வசவையெல்லாம் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசலைப் பார்த்து விட்டெறிந்தாளாம். மூத்தவள் கல்யாணத்தில் தொடங்கி, அம்மா செத்த அன்று அவர் தாமதமாக வந்தது, சின்ன வயசில் ஆற்றங்கரையில் அவளை நிறுத்திவிட்டு 'இந்தா வாரேன்' என்று போனது என்று கீழே கீழே போனாளாம். புள்ளி நின்று கேட்டது. நடுவில் ஒரு சாக்குச் சொல்லவில்லை. 'அது வந்துக்கா' என்று ஆரம்பிக்கவில்லை. நாள் தவறாமல் வந்து, அவள் ஓய்கிற வரை நின்று, ஓய்ந்த பிறகு போனது. ஒருநாள் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டாள். அடுத்த நாள் உள்ளே வரச்சொல்லி இலை போட்டாள். சோறு குறையவில்லை, ஆனால் அவித்த முட்டையில் பெருங்காயம் மணத்தது என்றாள் பவுன்செல்வி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆவுடையப்பன் தட்டை நகர்த்தி வைத்தார்.

"பிரமு, நான் ஒரு நடை இலந்தைகுளம் போயிட்டு வரவா?"

"நீங்க எதுக்கு? அதான் நாள் தவறாமப் போயிட்டு வாறாவளே. நல்லா ஒட்டிக்கிட்டு வாறப்ப நீங்க போய்க் கெடுத்துராதிய."

பவுன்செல்விக்கு ஆனியிலேயே நிச்சயமான கல்யாணம் ஆடிக் கடைசியில் நெருங்கிவிட்டது, ஆவணி முதல் முகூர்த்தம். பேச்சியம்மாள் வீட்டுக்காரர் வழி உறவில் இரண்டு பேர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொண்டுவந்து பிரமு கையில் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள்.

"அண்ணாச்சிய நேர்ல பாத்தே சொல்லியாச்சு. அங்க வந்திருந்தாவ. இந்தத் தடவை தாய்மாமன் மாலை அவியதான்னு அக்கா முடிவா சொல்லிட்டாவ. மணவறைக்குப் பக்கத்துல ஒரு மனைப்பலகை போட்டு, அதுமேல போன வச்சு, மாலைய அதுல தொட்டு எடுத்துப் போடுததா ஏற்பாடு."

"அப்ப நான்?" என்றார் ஆவுடையப்பன்.

அவர்கள் வருத்தத்தோடு பிரமுவைப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாளே பிரமுவும் கோயம்புத்தூரிலிருந்து வந்த முத்தரசியும் இலந்தைகுளம் போய்விட்டார்கள். "உங்களுக்குச் சோறு ஆக்கி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள் பிரமு. தனியாக இருந்த வீட்டில் ஆவுடையப்பன் ஒரு காரியம் செய்தார், அதுவரை செய்திராத காரியம். அன்று சாயங்காலமே சட்டையையும் வேட்டியையும் தாமே தேய்த்து வைத்தார். முகத்தை மழித்தார். சேவல் கூப்பிட எழுந்து குளித்து, கோயில் வாசல் பூக்கடையில் ரோஜா மாலை ஒன்று வாங்கி, பேருந்து நமக்கு நிற்காது என்று தெரிந்து, பின்கட்டில் கோணிச் சாக்குக்குக் கீழே கிடந்த பழைய மொபெட்டை இழுத்து வெளியே போட்டு மிதித்தார். அது இருமிற்று, இருமி இருமிக் கிளம்பியது. சாரல் பொடிப்பொடியாக விழுந்தது. மாலையைச் சட்டைக்குள் போட்டு மூடிக்கொண்டு, முகமெல்லாம் நனைய அவர் போனார். வழியில் எதிரே வந்தவர்கள் யாரும் அவருக்குக் கை காட்டவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

மாலையூத்து ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி வரவேண்டுமாம். மொபெட்டை ஓரங்கட்டினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி, பால்காரரின் சைக்கிள், அவர். ஈர மண்வாசனைக்கு நடுவே அவருக்கு மிக அருகில் ஓர் ஆள் அகலத்துக்குக் காற்று குளிர்ந்து, பெருங்காயம் மணத்தது.

அவர் அசையாமல் நின்றார். அது அவர் வாசனைதான். முப்பது வருஷம் அவர் சட்டையில் ஊறிய வாசனை.

"நீயும் கிளம்பிட்டியா" என்றார் மெதுவாக.

பால்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, போனில் யாரோடோ பேசுகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன்னக் குறை சொல்லல. நீ என்னைவிட நல்லாத்தான் வேலை பாக்க. ஆர்டரை நீயே வச்சுக்க, கோயில் சப்பரத்த நீயே வச்சுக்க. மைதீன் கடை டீயக்கூட வச்சுக்க. அக்காவ மட்டும்…" சட்டைக்குள் இருந்த மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவ என்ன சொன்னா உங்கிட்ட? ஆத்தங்கரைக் கதையச் சொன்னாளா? அன்னைக்கு நான் நெசமாத்தான் திரும்பி வந்தேன். அவதான் போயிட்டா."

புள்ளி கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிற அழகில், சொல்ல நினைத்த சாக்கு அவருக்கே பாதியில் வெட்கமாகிப் போயிற்று. "இல்ல. நான் வரல" என்றார். "கபடி பாத்துட்டு நின்னுட்டேன். இருட்டினப்புறந்தான் அவ நெனப்பு வந்துது."

சரக்கு வண்டி நிதானமாக, பெட்டி பெட்டியாக, முடிகிற உத்தேசமே இல்லாததுபோலப் போய் முடிந்தது. கேட் உயர்ந்தது. லாரி போனது, பால்காரர் போனார். வாசனை நின்ற இடத்திலேயே நின்றது.

ஆவுடையப்பன் மொபெட்டின் பின்பக்கத்தைத் தட்டினார். "ஏறிக்கோ. சேந்தே போவோம்."

காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தார். நீலப் புள்ளி கேட்டுக்குப் பக்கத்தில், வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆள்மாதிரி, சாலையை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றது. கொஞ்ச நேரம் மரியாதைக்காகக் காத்திருந்துவிட்டு அவர் வண்டியை மிதித்தார்.

இலந்தைகுளத்து மண்டப வாசலில் கல்கண்டும் சந்தனமும் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்கள். உள்ளே நாதஸ்வரம் ஓங்கி வாசித்தது. மணவறைக்குப் பக்கத்தில் மனைப்பலகையும், அதன்மேல் பட்டுத்துணியும், அதன்மேல் பேச்சியம்மாளின் போனும் இருக்க, அதைச் சுற்றி ஒரு கூட்டம் குனிந்து நின்றது.

"இன்னும் மாலையூத்து கேட்லதான் நிக்காவ."

"கேட்டு தொறந்திருக்குமே."

"ஒரு நாளும் இப்பிடித் தாமதிச்ச ஆளில்லையே அவிய."

பிரமு கும்பலிலிருந்து நிமிர்ந்தவள், நனைந்த சட்டையோடு தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். குனிந்து போனைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். இரண்டில் எதை நம்புவது என்று அவள் முகத்தில் ஓடியதை அவரால் படிக்க முடிந்தது, கோபப்பட முடியவில்லை.

ஐயர் முகூர்த்தம் தவறுகிறது என்றார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பேச்சியம்மாள் "வந்துரும், சொன்னா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாயிற்று. மண்டபத்துக் கோடியில் பந்தல்காரர், இப்போது தலை நன்றாக நரைத்தவர், நிலைமையைப் புரிந்துகொண்டு ஏணியில் ஒரு படி இறங்கினார்.

அதைப் பார்த்ததும் பேச்சியம்மாள் பலகையிலிருந்து போனை வெடுக்கென்று எடுத்தாள். மேளச் சத்தத்தில் கேட்காதென்று சேலைத் தலைப்பால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் வந்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

ஆவுடையப்பனின் சட்டைப் பையில், ரோஜா மாலைக்கு மேலே, போன் அடித்தது.

"எங்கல இருக்க?"

அவர் போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்தார். "யக்கா. உனக்குப் பின்னால, தூணுக்கு இந்தப் பக்கம்."

அவள் திரும்பவில்லை. "பொய் சொல்லாத. மேப்புல மாலையூத்து கேட்டுன்னு போட்டிருக்கு."

"மேப்பு சொல்லுதது சரிதான்க்கா. அது அங்கதான் நிக்கி. நான் இங்க வந்துட்டேன்."

"அன்னைக்கும் இதேதான் சொன்ன. வாசல்ல செருப்பக் கழத்துதேன்னு சொன்ன. நான் ஓடி ஓடிப் பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "இன்னொரு தடவ என்னத் திரும்பிப் பாக்க வச்சு, அங்க நீ இல்லாமப் போனேன்னா, நான் உசுரோட இருக்க மாட்டேன் பாத்துக்க."

அவருக்கு என்ன சொல்லி நம்ப வைப்பது என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் தாராளமாக வந்த வார்த்தையில் ஒன்றும் வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"அரக்குச் சேலை கட்டிருக்க. முந்திய இடுப்புல சொருகிருக்க. கொண்டை ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, ஊக்கு வெளிய தெரியுது. எளைச்சுட்டக்கா. இடது காலத் தாங்கித் தாங்கி நிக்க. வலி எப்பலேர்ந்து?"

பேச்சியம்மாள் காதிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு எதிரே பிடித்து வரைபடத்தைப் பார்த்தாள். நீலப் புள்ளி மாலையூத்தில், ஒரு சந்தேகத்துக்கும் இடம் இல்லாமல், பளிச்சென்று நின்றது. உலகத்தில் எல்லோரும் நம்புகிறது அந்தப் புள்ளியை. அதற்கு எதிரே ஒரே ஒரு ஆளின் வார்த்தை, அதுவும் எந்த ஆளின் வார்த்தை. அவள் போனை அணைத்து இடுப்பில் சொருகினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திரும்பினாள். கையை நீட்டி, தட்டுப்பட்ட ஈரச் சட்டையைப் பிடித்தாள். பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"நனைஞ்சு போய் நிக்கியே மூதேவி" என்றாள்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, கள்ளனைக் கொண்டுபோவதுபோல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இழுத்துப் போனாள். ஜனங்கள் போனைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், ஒவ்வொருவராகப் போனை மடியில் போட்டுக்கொண்டார்கள். பிரமு தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். பவுன்செல்வி "வாங்க மாமா" என்று கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். ரோஜா மாலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவர் அதைப் போட்டார், அவள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மேளம் கொட்டியது. ஐயர் விட்ட இடத்திலிருந்து வேகமாகத் தொடர்ந்தார்.

தாலி கட்டி முடித்து முதல் பந்தி உட்கார்ந்தபோது யாரோ மறுபடி போனைத் திறந்து பார்த்தார்கள். புள்ளி கேட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. மண்டபத்துப் பக்கம் வரவில்லை. மேற்கே, மலையைப் பார்த்து, குற்றாலம் சாலையில், அவசரம் ஒன்றும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "சீசன் முடியப் போவுது, போய்ட்டு வரட்டும்" என்றார் மைதீன், மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் கொண்டு வந்தவர். நாளைக் காலையில் சுரண்டைக்கு யார் போவது என்று, எங்கேயோ இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சமின் சார் மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார்.

ஆவுடையப்பனுக்கு இலை போட்டுப் பேச்சியம்மாளே பரிமாறினாள். பருப்பு வைத்து நெய் ஊற்றிவிட்டு, அங்கிருந்து நகராமல், இடுப்பில் கை வைத்து எதிரே நின்றாள்.

"புள்ளிகிட்டச் சொன்னது புள்ளிக்கு" என்றாள். "உனக்குத் தனியா இருக்கு."

அவர் ஒரு கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "சொல்லுக்கா."

அவள் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கினாள். அவர் ஒரு சாக்கும் சொல்லாமல் கேட்டார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து கைகழுவப் போனார்கள், அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மோர் ஊற்றுகிறவர் வந்து நின்றபோது பேச்சியம்மாள் இன்னும் அவர்கள் அம்மாவின் காலத்தையே தாண்டியிருக்கவில்லை.